சந்திரகலாவின் மீன்தொட்டி

"சாப்பிடலையே?"

காலை வேளையில் யாரைப் பார்த்தாலும் சந்திரகலா முதலில் கேட்பது இதுதான். ஊரே ஒருவரையொருவர் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் வெறும் வயிற்றோடு வந்தவரைக் கண்டு முகம் மலர்கிறவர். "காப்பிகூட குடிக்கலையே? நல்லதாப் போச்சி, உக்காருங்க." உட்கார்ந்தவரின் கையை மேசைமேல் நீட்டி வைத்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, உள்ளங்கையை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் நரம்பைத் தடவிக்கொண்டே அடுத்ததைச் சொல்வார்: "அந்தக் கருப்பு மீனப் பாருங்க. காலைலேருந்து ஒரு மாதிரியாவே இருக்குது."

நாம் தொட்டிப் பக்கம் திரும்புவோம். முட்டைக் கண்ணை வைத்துக்கொண்டு கருப்பு மீன் நேற்று எப்படி மிதந்ததோ அப்படித்தான் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு என்ன வந்தது என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தி, "மடக்கிக்குங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மீனுக்கு ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற சந்து ஒன்றில், மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையே இருக்கிறது அவருடைய ரத்தப் பரிசோதனை நிலையம். லேப் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். முன்னறையில் பெஞ்சு, மேசை, மீன்தொட்டி. பின்னறையில் ஃபிரிட்ஜும் இயந்திரங்களும். மாவு மில் ஓடும்போது மேசைமேல் அடுக்கியிருக்கும் குப்பிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய சத்தம் போடும். உள்ளூர்க்காரர்களோடு, ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் வேட்டியுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்து கையை நீட்டினால் அவருக்கும் இதேதான்: "ஃபிஷ் சார், பிளாக் ஃபிஷ்." அவரும் திரும்புவார்.

சந்திரகலாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. அதற்குப் பொத்தான் போடமாட்டார். முகங்கள் அவர் நினைவில் நிற்பதில்லை. கைகள்தான் நிற்கும். ஒருமுறை காய்கறி மார்க்கெட்டில் எனக்கு நேர் எதிரே வந்தும் யாரோ என்று தாண்டிப் போனவர், நான் கத்தரிக்காய் பொறுக்கக் கையை நீட்டியதும் நின்றுவிட்டார். "சாரா? இடது கைல நரம்பு உருளுமே உங்களுக்கு" என்றார். பக்கத்தில் நின்ற பெண்மணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசைக் கைகளைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு எவ்ளோ நல்ல நரம்பு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாராம். ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சரவணகுமார் சொல்லிச் சிரித்தது இது.

சர்க்கரைக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டு, அடுத்த ரத்தத்துக்காகக் காத்திருக்கிற நேரம் முழுவதும் நான் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். அவரை நான் அறிந்ததெல்லாம் இப்படிக் காத்திருந்த வேளைகளில்தான்.

அவர் பேச்சில் 'நான்' குறைவு. 'நாங்க' அதிகம். நாங்க திறந்தப்போ இந்தச் சந்துல தெருவிளக்கு கிடையாது, நாங்க மொதல்ல வாங்கின மிஷின் இவ்ளோ பெருசு என்றெல்லாம் சொல்வார். அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால், நான் ரொம்ப நாள் அதைப் பேச்சு வழக்கம் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, லேபைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். சந்திரகலாவும் அவருடைய தோழி பிர்தௌஸும். வேலூரில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே பஸ்ஸில் போய், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, படிப்பு முடிந்ததும் ஒன்றாகவே இந்த இடத்தைப் பிடித்தார்கள்.

மீன்தொட்டி வந்தது பிர்தௌஸின் தகப்பனார் அன்வர் பாஷாவிடமிருந்து. அவர் தேரடித் தெருப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். படங்களுக்குச் சட்டம் போடுவது, அலமாரிகளுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு துணிக்கடையின் ஷோகேஸுக்குப் போக மீந்த தடித்த கண்ணாடியில் தன் கையாலேயே தொட்டியைச் செய்து, பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, லேப் திறக்கிற நாளன்று கூடவே நடந்து வந்தாராம். லேபுக்கு வருகிறவர்கள் ரத்தத்தைப் பார்க்கக் கூடாது, பார்க்க வேறு ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, அவரே இடம் பார்த்து வைத்துவிட்டுப் போனார். விளிம்பெல்லாம் பச்சை ஓடிய கண்ணாடி. போர் தண்ணீரின் உப்பு ஏறி, முன்பக்கம் முழுக்க வெள்ளைப் படலம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை.

பிர்தௌஸ் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டார். அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அன்வர் பாஷா காலமாகிவிட்டார். கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தொட்டி மட்டும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்தத் தொட்டிதான் இந்த வருஷம் மழை பிடிக்கத் தொடங்கிய சமயத்தில் விரிசல் விட்டது.

காரணம் ஒரு பயில்வான். ஜிம்முக்குப் போகிற பையன். இரண்டு கையிலும் தோள்வரை பச்சை குத்தியிருந்தான். அந்தக் கையில் நரம்பு தேட வேண்டிய அவசியமே இல்லை, கயிறு மாதிரி எழும்பி நின்றது. சந்திரகலா ஆசையாகப் பார்த்துக்கொண்டே மீனைப் பார்க்கச் சொன்னார். அவன் சிரித்தான். "எனக்கெதுக்கு ஆன்ட்டி மீனு? நான் ஊசியவே பாக்கறேன்" என்றான். பார்த்தான். குப்பியில் சிவப்பு ஏறியதும் கண் மேலே போய், நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். நாற்காலியின் முதுகு தொட்டியில் போய் இடித்தது. பெஞ்சில் இருந்த நானும் இன்னொருவரும் அவனைத் தூக்கிப் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, அவன் எழுந்து வெட்கத்தோடு போன பிறகுதான் சந்திரகலா தொட்டியைப் பார்த்தார்.

முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து மேலே, தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. அதன் ஓரமாக நீர் வேர்த்திருந்தது. விரலால் துடைத்தார். மறுபடியும் வேர்த்தது. அவர் சட்டென்று மேசை இழுப்பறையைத் திறந்து, ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, கோட்டின் மேல் நீளவாக்கில் ஒட்டினார். அதன்மேல் குறுக்காகச் சின்னச் சின்னத் துண்டுகள். கையில் இருந்த வைத்தியம் அதுதான்.

பிளாஸ்திரி எவ்வளவு நேரம் தாங்கும்? மீன்களைப் பின்னறையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு வெளியே ஊற்ற வேண்டியதாயிற்று.

வேங்கிக்காலில் கலர் மீன் கடை வைத்திருக்கும் முருகையன் வந்து பார்த்தார். குனிந்து, விரிசலை நகத்தால் சுரண்டி, தொட்டியின் மற்ற பக்கங்களையும் தட்டிப் பார்த்தார். உள்பக்கமாக ஒரு கண்ணாடித் துண்டை வைத்து ஒட்டலாம், ஆனால் ஒட்டு வெளியே தெரியும் என்றார். முன்கண்ணாடியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டலாம், ஆனால் பழைய தொட்டியில் ஒரு பக்கத்தைப் பிரித்தால் மற்ற பக்கம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்றார். அவருடைய ஆலோசனை வேறு.

"புதுசா வச்சிடுங்க மேடம். லைட்டோட வருது, நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன். இதுக்கு நான் கேரண்டி சொல்ல மாட்டேன்."

"யோசிச்சி சொல்றேங்க" என்றார் சந்திரகலா.

யோசனை முடிகிற வழியாக இல்லை. ஓசூரிலிருந்து வந்த சரவணகுமார், தொட்டியே எதற்கு, அந்தச் சுவரில் ஒரு டிவி மாட்டிக் கார்ட்டூன் போட்டால் பிள்ளைகள் அசையாமல் உட்காரும் என்றான். அதில் நியாயம் இருந்தது. இப்போது வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் கையில் செல்போனோடுதான் வருகிறார்கள். முருகையன் இரண்டு முறை போன் செய்து கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். வருகிறவர்கள் எல்லாம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீரில்லாத தொட்டி, முகத்தில் பிளாஸ்திரியோடு மூலையில் நின்றது. அடியில் கூழாங்கல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

ரிப்போர்ட் வாங்க நான் போயிருந்த ஒரு நாள், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். சந்திரகலா டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மிஷின் ரிப்பேர், பெரிய தெருப் பக்கம் இன்னொரு லேப் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள் என்றார். பின்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல், ரப்பர் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

லேப் தொடங்கின புதிதில் ஒரு பிஞ்சுக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் போய், நரம்பு கிடைக்காமல் மறுபடி மறுபடி குத்த வேண்டி வந்ததாம். குழந்தை வீறிட்டு அழுது, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டது. அதைப் பெற்றவள் குத்துகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள் என்றால் சந்திரகலாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு மட்டும். அதற்குப் பிறகு குழந்தைகள் எல்லாரும் பிர்தௌஸ் கணக்கு. வாசலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் சந்திரகலா தானாகப் பின்னறைக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதுகூட இல்லை.

"அவ மஸ்கட் போறப்போதான் சொன்னா. கொழந்தைய மீனப் பாக்கச் சொல்லு, நீயும் ஒரு தரம் பாரு, அது போற மாதிரி மெதுவா மூச்ச விடுன்னு. அன்னிலேருந்து அப்டிதான் சார் ஓட்டினு இருக்கேன். ஒரு தரம் அந்தப் பக்கம் பாத்தேன்னா கை நின்னுடும்."

அவர் மேசைக்கு எதிரே தொட்டி இருந்த கோணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீனைப் பாருங்கள் என்று நம்மிடம் சொல்கிற கணத்தில் அவரும் பார்த்திருக்கிறார். நாம் திரும்பிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

"அப்போ புதுசு வாங்கிட்டா என்ன? அதுலயும் மீன்தானே இருக்கப் போவுது" என்றேன்.

"தெரியல சார். அதுல நிக்கலைன்னா?"

பிர்தௌஸிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். தொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். கை நடுங்குகிற விஷயத்தை எழுதவில்லை. பதில் குரலாக வந்தது. அதை எனக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் யாரோ அரபியில் பேசுகிற சத்தமும், இயந்திரங்களின் இரைச்சலும். வேலை நடுவில் அவசரமாகப் பேசிய குரல்.

"அய்ய, அது இன்னுமாடி இருக்குது? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்க கலா. அத்தா இருந்தாகூட அதான் சொல்லுவாரு. ஒடைஞ்ச கண்ணாடிய ஒட்டுறது அவருக்குப் பிடிக்காது. சரி, டியூட்டில இருக்கேன், அப்பறம் பேசறேன்."

சந்திரகலா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அவ சொல்றதும் கரெக்ட்தான்" என்றார். பிறகு, "இன்னுமா இருக்குதுன்னு கேக்கறா பாருங்க" என்றார். எழுந்துபோய்த் தொட்டியின் விளிம்பில் இருந்த தூசியைத் துடைத்தார். துடைத்துவிட்டு முருகையனுக்குப் போன் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

பௌர்ணமி வந்தது. பௌர்ணமியன்று செங்கம் சாலையில் மதியத்துக்கு மேல் வண்டி எதுவும் ஓடாது. கிரிவலம் போகிறவர்கள் சாலையை நிறைத்துவிடுவார்கள். லேப் இருக்கும் சந்தின் வாயிலில் ஒரு குழு நீர்மோர்ப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கியில் நமசிவாயம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ரிப்போர்ட்டுக்காக வந்த நான், கூட்டத்தைத் தாண்டி வீட்டுக்குப் போக முடியாமல் லேப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஆர்த்தி வந்தார்.

அடுத்த தெருவில் குடியிருக்கிறவர். கணவர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் சமையல்காரர். இடுப்பில் நாலு வயது மகள் இனியா, காய்ச்சலில் வாடிய கீரைமாதிரி சாய்ந்திருந்தாள். காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து உடனே சொல்லச் சொன்னார் டாக்டர் என்று சீட்டை நீட்டினார்.

சந்திரகலா சீட்டை வாங்கவில்லை. பெரிய தெரு லேபைச் சொன்னார்.

"எப்டிக்கா போறது? ஒரு ஆட்டோகூட வர மாட்டேங்குது. தூக்கினு நடக்கலாம்னு பாதி தூரம் போனேன். கூட்டத்துல இதுக்கு மூச்சு முட்டுது, திரும்பி வந்துட்டேன்." ஆர்த்தி சீட்டை மறுபடியும் நீட்டினார். "எடுத்துக் குடுத்துடுங்கக்கா."

சந்திரகலா சீட்டை வாங்கினார். கையுறையை எடுத்தார். வலது கையில் மாட்டும்போது ஒரு விரல் அதன் இடத்துக்குள் போகவில்லை. இரண்டு தடவை உருவி மாட்டினார். சின்ன ஊசியையும் ஊதா மூடிக் குப்பியையும் தட்டில் எடுத்து வைத்தார். தட்டு மேசையில் பட்டபோது ஊசி உறை உருண்டு கீழே விழுந்தது. இனியா அதைப் பார்த்துவிட்டாள். அதுவரை துவண்டு கிடந்த பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தத் தொடங்கினாள்.

சந்திரகலா பழக்கத்தில் தொட்டிப் பக்கம் திரும்பினார். காய்ந்த கூழாங்கல்லும் பிளாஸ்திரியும்தான் இருந்தன. திரும்பிய முகத்தோடு அப்படியே நின்றார். எழுந்து அவர் கையிலிருந்து தட்டை வாங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு. வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்?

"பாப்பா" என்றார். "மீன் பாக்கறியா? உள்ள இருக்குது."

அழுகை நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் இறங்கியது. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னே போக, ஆர்த்தி பின்னால் போனார். நானும் கதவுவரை போய் நின்றேன். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையே தரையில் இருந்தது பச்சை டப். ஆர்த்தி சப்பணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, சந்திரகலா எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். இனியா டப்புக்குள் எட்டிப் பார்த்தாள். மேலிருந்து பார்த்தால் மீன்கள் வேறு மாதிரி. முகம் இல்லை, முதுகுதான்.

"கருப்பு மீன் எங்க இருக்குது, காட்டு" என்று சந்திரகலா பட்டையைக் கட்டினார்.

"இல்ல."

"இருக்குது பாரு. ரெண்டு பக்கமும் முட்டக் கண்ணு வச்சிக்கினு."

"அது கருப்பு இல்ல."

"கருப்புதான்மா."

"இல்ல. பிரௌனு." பிள்ளைக்குக் காய்ச்சலிலும் கோபம் வந்துவிட்டது. "நீ பாரு."

"நான் அப்பறம் பாக்கறேன். நீ நல்லாப் பாத்துச் சொல்லு, கருப்பா பிரௌனா?"

"பிரௌனுதான். இங்க கொஞ்சம் மஞ்சா. வாலு மட்டும்தான் கருப்பு."

குப்பி நிறைந்திருந்தது. பஞ்சை வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, பட்டையை அவிழ்த்த பிறகுதான் இனியா தன் கையைப் பார்த்தாள். பார்த்ததும் அழுதாள். பிளாஸ்திரிக்காக அழுத அழுகை அது.

ரிப்போர்ட் வரும்வரை அம்மாவும் மகளும் டப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கை குறைந்துதான் இருந்தது, பயப்படுகிற அளவுக்கு இல்லை. டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடு, நாளைக்கு மறுபடியும் கூட்டி வா என்று ஆர்த்தியிடம் சொல்லி அனுப்பினார் சந்திரகலா. மறுநாளும் அதற்கு மறுநாளும் இனியா வந்தாள். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டது.

முதல் நாள் அவர்கள் போன பிறகு சந்திரகலா மறுபடியும் டப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டப்பின் விளிம்பில் கையை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். குழந்தை சொன்னது சரி. வயதாக ஆக மீனின் கருப்பு வெளிறி, செம்புப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியாது. படலம் படிந்த கண்ணாடி வழியாகவே பார்த்துப் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்கும் அது கருப்பாகவே இருந்திருக்கிறது.

"நான் மீனப் பாக்கவேயில்ல சார்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "பாருன்னு கொழந்த சொல்லுது. அப்பகூட நான் பாக்கல."

இனி அந்தத் தொட்டி அவருக்குத் தேவையில்லை, புதியதை வாங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அன்றிரவு அப்படித்தான் முடிவு செய்தாராம். மறுநாள் காலை லேபைத் திறந்து, முருகையனுக்குப் போன் செய்து, புதுத் தொட்டி கொண்டுவரச் சொல்ல வாயெடுத்து, வேறு எதையோ சொல்லிவிட்டார். முன்கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுங்கள், கேரண்டி எல்லாம் வேண்டாம் என்று.

"பயத்துக்குத்தான் வச்சினு இருக்கேன்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னார். "பயம் போயிடுச்சி. அப்பறமும் தூக்கிப் போட மனசு வரல. இருந்துட்டுப் போவட்டுமே சார். ஒட்டுப் போடல, மாத்தறேன். பாஷா ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

முருகையன் முனகிக்கொண்டே செய்தார். பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்து, விரிசல் விட்ட கண்ணாடியை முழுசாக வெளியே உருவி, புதுக் கண்ணாடியைப் பொருத்தி, நான்கு பக்கமும் டேப் போட்டுக் கட்டினார். லேபெல்லாம் புதுப் பசையின் புளித்த காடி நாற்றம். காயவிட்டு, தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாளைப் போட்டு வைத்தார்கள். தாள் நனையவில்லை. மற்ற மூன்று பக்கமும் தாங்கிக்கொண்டன. மீன்களை விட்ட அன்று வந்தவர்கள் எல்லாரும் புது மீனா என்று கேட்டார்கள். அவ்வளவு தெளிவு. இப்போது சந்திரகலா சொல்வதும் மாறிவிட்டது. "அந்த மீன் கருப்பா பிரௌனா, பாத்துச் சொல்லுங்க" என்கிறார். பெரியவர்கள்கூட இதற்கு நிஜமாகவே யோசிக்கிறார்கள்.

போன வாரம் நான் இரண்டாவது ரத்தத்துக்காகக் காத்திருந்தபோது பிர்தௌஸ் வீடியோவில் வந்தார். அன்று அவருக்கு விடுமுறை போலிருக்கிறது. வட்ட முகம், மூக்குக் கண்ணாடி, பின்னால் துணி காயும் பால்கனி. சந்திரகலா போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பழசையேவாடி வச்சிருக்க? நான்தான் சொன்னேனே" என்று பிர்தௌஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் குரலை இறக்கி, "கலா, பின்பக்கம் காட்டு. அடி மூலை. சோத்துக்கை பக்கம்" என்றார்.

"அங்க என்னா இருக்குது?"

"நீ காட்டு."

சந்திரகலா தொட்டிக்கும் சுவருக்கும் இடையே போனை நுழைத்து, டார்ச்சைப் போட்டார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணாடியும் சேரும் அடிமூலையில், காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் அழுத்திய தடம். ரேகைகூட மழுங்காமல் இருந்தது. பசை காய்வதற்குள் கடைப் பூனை ஏதோ தட்டிவிட, அன்வர் பாஷா ஓடிவந்து அழுத்திப் பிடித்த இடமாம் அது. அப்போது பிர்தௌஸ் பக்கத்தில் நின்றிருந்தாராம். அத்தனை வருஷம் அந்தத் தொட்டியைத் துடைத்த சந்திரகலா அதைப் பார்த்ததே இல்லை.

"இருக்குதுடி" என்றார்.

போனில் பிர்தௌஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால்கனியில் துணி ஆடியது. சந்திரகலா அவரை அவசரப்படுத்தவில்லை. டார்ச் வெளிச்சம் அந்த மூலையிலேயே இருக்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு வெளியே வந்து, போனை மேசைமேல் இருந்த மருந்துப் பெட்டியில் சாய்த்து நிறுத்தினார். கோட்டின் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"இங்க பாரு" என்று, வலது கையைக் கேமராவுக்கு நேராக நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, அசையாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.